இரும்புத் தேர் – 14: கரிச்சானா, நடுமாடா?

கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் வண்டி ஓடுவதற்கு முன்னால் வாய்ச்சண்டை ஓடும். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு என்று வகை பிரித்துத்தான் வண்டிகளை விடுவார்கள். வகைக்கு ஒரு எல்லை, வகைக்கு ஒரு பரிசு. சிட்டுகளுக்கு எல்லை கிட்டத்தில் முடிந்துவிடும். பெரிய மாட்டுக்கு மைல் கணக்கில் நீளும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ரோட்டோரம் நின்று பார்த்தால்தான் தெரியும், இதில் எத்தனை பஞ்சாயத்து என்று.

உத்தமபாளையம் பக்கம் ஒரு பந்தயத்தில் பார்த்தேன். விழாக் கமிட்டிக்காரர் ஒரு மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார். "கரிச்சான்தாண்ணே, நல்லாப் பாருங்க, பல்லே இன்னும் சரியா மொளைக்கல" என்கிறார் மாட்டுக்காரர். அடுத்த வண்டிக்காரர் விடுவதாக இல்லை. "பல்லு கெடக்கட்டும் மாமா, திமிலப் பாருங்க. இது நடுமாடு. எங்க கன்னுக்குட்டியோட இதப் பூட்டி விட்டா நாங்க வேட்டிய ஒதறிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

ஒருவர் வயதைச் சொல்கிறார், இன்னொருவர் உடம்பைச் சொல்கிறார். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே மாட்டை. அரை மணி நேரம் கழித்து அதை நடுமாட்டில் விட்டார்கள். மூன்றாவதாக வந்தது.

டாங்கிகளின் கதையில் இந்தச் சண்டை நூறு வருடத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. போன வாரம் 1917 நவம்பரில் கம்ப்ரே சமவெளியில் பிரிட்டிஷ் டாங்கிகள் கும்பலாகப் புறப்பட்டதோடு நிறுத்தியிருந்தோம். அதற்குள் உலகத்தில் டாங்கிக்கு இருந்த ஒரே வகைப்பாடு, ஆண், பெண் என்பதுதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பக்கவாட்டில் ஆறு பவுண்டு பீரங்கி இருந்தால் ஆண் டாங்கி. வெறும் இயந்திரத் துப்பாக்கி மட்டும் இருந்தால் பெண் டாங்கி. 1918 ஏப்ரல் 24 அன்று வில்லர் பிரத்தனே என்ற ஊர்ப் பக்கம் ஜெர்மன் டாங்கி எதிரே வந்து நின்றபோது, பெண் டாங்கிகளின் தோட்டா அதன் தகட்டில் பட்டுத் தெறித்ததே தவிர உள்ளே போகவில்லை. அதன் பிறகு ஒரு பக்கம் பீரங்கி, மறு பக்கம் துப்பாக்கி என்று இரண்டையும் கலந்து கட்டினார்கள். நம்மூர்க்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால் அர்த்தநாரி என்று பெயர் வைத்திருப்பார்.

எடையும் அதே காலத்தில் உள்ளே நுழைந்துவிட்டது. முதல் டாங்கியின் எடை 28 டன். மனிதன் நடக்கிற வேகம்தான் அதன் வேகம். அது எதிரியின் அரணை உடைத்த இடத்தின் வழியே பாய்ந்து போக இன்னொன்று வேண்டும் என்று 14 டன்னில் விப்பெட் வந்தது. வேட்டை நாயின் பெயர். பிரான்சில் ரெனோ நிறுவனம் ஏழு டன்னுக்குள் ஒன்றைச் செய்து, அதன் தலையில் முழுவட்டமாகத் திரும்பும் கோபுரத்தை வைத்தது. இன்றைக்கு எந்த டாங்கியைப் பார்த்தாலும் அந்தச் சின்ன ரெனோவின் சாயல்தான்.

படையை வேலை பார்த்துப் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. தேர், யானை, குதிரை, காலாள் என்று நாற்படை. மதிலை மோத யானை, ஓடித் துரத்தக் குதிரை. பிரிட்டிஷார் 1930களில் செய்ததும் இதேதான். காலாட்படையோடு சேர்ந்து நடக்க ஒரு டாங்கி: தடித்த கவசம், மெதுவான நடை. குதிரைப்படையைப்போல ஓட ஒரு டாங்கி: மெல்லிய கவசம், வேகம். இவற்றோடு வேவு பார்க்க ஒரு குட்டி. முதல் வகையில் மடில்டா பேர் பெற்றது. சுமார் 27 டன், நல்ல ரோட்டிலேயே மணிக்கு 24 கிலோமீட்டர்தான். இரண்டாம் வகைக்குக் குரூஸர் என்று கப்பல் பெயர் வைத்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் கோணல் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. அந்த ஒரு இடம் போதுமானதாக இருந்தது. இரண்டு வகைக்கும் ஒரே 40 மில்லிமீட்டர் பீரங்கியைப் பொருத்தினார்கள். கவசத்தைத் துளைக்கும் இரும்புக் குண்டு அதற்கு உண்டு. பதுங்கு குழிக்குள் விழுந்து வெடித்துச் சிதறும் குண்டு அதற்குக் கொடுக்கப்படவில்லை. காலாட்படைக்குத் துணை என்று பெயர் வைத்துவிட்டு, காலாட்படைக்கு எது தொல்லையோ அதை அடிக்க வழியில்லாமல் அனுப்பினார்கள். வேலையின் பெயரை வைத்துவிட்டால் வேலை நடந்துவிடும் என்று நம்பிய அலுவலகங்கள் உலகத்தில் எத்தனையோ. இது உயிரைக் குடித்த அலுவலகம்.

மற்ற நாடுகள் எடையைப் பிடித்துக்கொண்டன. குத்துமதிப்பாக 20 டன்னுக்குள் இலகு, 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் கனரகம். குத்துமதிப்பு என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஜெர்மனியின் பாந்தர் 45 டன். அதை அவர்கள் நடுத்தரம் என்றார்கள். எதிர்ப்பக்கம் சோவியத்தின் ஐ.எஸ்.-2 வெறும் ஒரு டன் கூடுதல், அது கனரகம். ஜெர்மானியர் தராசை விட, எந்தப் பட்டாளத்தில் எந்த வேலைக்கு நிற்கிறது என்பதையே பார்த்தார்கள். அமெரிக்காவின் பெர்ஷிங் கதை இன்னும் வேடிக்கை. 42 டன் எடையோடு 1944இல் கனரகம் என்று சான்றிதழ் வாங்கியது. 1946இல் அதே டாங்கி, ஒரு தகடுகூட கழற்றாமல், நடுத்தரம் ஆனது. மற்றவை கனத்துவிட்டதால் இது இளைத்துவிட்டது. 1950இல் அமெரிக்கர்கள் தராசையே ஓரமாக வைத்துவிட்டுப் பீரங்கியின் வாயளவை வைத்துப் பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். பல்லா, திமிலா என்ற நம் பஞ்சாயத்துதான்.

ஆனால் எடையை யாராலும் முழுக்க ஓரமாக வைக்க முடியவில்லை. ஏன் என்பதற்குப் பெர்லின் வரை போக வேண்டாம். நம் பள்ளத்தாக்கிலேயே பதில் கிடக்கிறது.

திண்டுக்கல்லில் இருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறும் 183ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படியொரு சாலையில் புதுப் பாலம் கட்டும் பொறியாளர், வாழைத்தார் லாரியையும் ஐயப்ப பக்தர் பேருந்தையும் மட்டும் மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவதில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிநூல் அவர் மேசையில் இருக்கும். அதில் '70 ஆர்' என்று ஒரு சுமைக் கணக்கு. அதன் சக்கர வண்டியை விட்டுவிடுங்கள். சங்கிலிப் பட்டையில் நகரும் வண்டி ஒன்று இருக்கிறது. மொத்த எடை 70 டன். இரண்டு பட்டை, ஒவ்வொன்றும் 84 சென்டிமீட்டர் அகலம், தரையில் படியும் நீளம் 4.57 மீட்டர், பட்டைக்கு 35 டன். பட்டையில் நகரும் 70 டன் வண்டி ஊரில் வேறு எது? டாங்கிதான். நான் அறிந்து டாங்கி எதுவும் இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்ததில்லை. ஆனாலும் சின்னமனூர்ச் சந்தைக்குத் தேங்காய் ஏற்றிப் போகிறவர் கடக்கும் பாலத்தின் கணக்குத்தாளில் ஒரு டாங்கி ஏறி இறங்கியிருக்கிறது.

ராணுவம் தன் பாலங்களை எண்ணால்தான் அடையாளம் சொல்லும். எல்லைப்புறச் சாலைகளில் பெய்லி பாலத்தின் முகப்பில் 'கிளாஸ் 18', 'கிளாஸ் 24' என்று பலகை தொங்கும். வண்டிக்கும் ஒரு எண் உண்டு. பாலத்தின் எண்ணை விட வண்டியின் எண் கூடினால் ஏறக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். டாங்கி ஓட்டி ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் தேவாரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார். பீரங்கி, சண்டை என்று எதையாவது சொல்வார் என்று போனால், அவர் பாலத்தைப் பற்றியே பேசினார். "பாலம் வந்துச்சுன்னா கமாண்டர் எறங்கி முன்னாடி நடப்பாரு தம்பி. பின்னாடி பாத்துக்கிட்டே நடப்பாரு. அவரு கை போற பக்கம் வண்டி போகணும். நடுவுல நிறுத்தக் கூடாது, கியர் மாத்தக் கூடாது, வெடுக்குன்னு திருப்பக் கூடாது. எறங்கி மண்ணு மிதிச்சப்பறந்தான் மூச்சே வரும்." பேசும்போது அவர் கை தன்னால் காற்றில் இடம் வலம் போனது.

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டு மேலே போகலாம். கனமான டாங்கி எல்லாம் சேற்றில் புதையும் என்று நினைப்பது தப்பு. ஆவடியில் செய்த அர்ஜுன் டாங்கி 58.5 டன், ஆனால் அகலமான பட்டை மேல் நிற்பதால் தரையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் பாரம் 0.84 கிலோதான். லாரி டயரில் காற்று நூறு பவுண்டு அடிக்கிறோமே, அது சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ. நம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலில் தொழி கலக்கிய பிறகு லாரியை இறக்கினால் அச்சு வரை இறங்கும். டாங்கி தப்பிக்க வழியிருக்கிறது. வயலுக்குப் பரவிய பாரம் முக்கியம். பாலத்துக்கு அந்தக் கதை செல்லாது. தூண்களுக்கு நடுவே வந்து நிற்கும் முழு எடையைப் பாலம் சுமந்தாக வேண்டும். ஒரே டாங்கி வயலில் இலகுவாகவும் பாலத்தில் கனரகமாகவும் இருப்பது இப்படித்தான்.

ரயிலும் இதே கெடுபிடிதான். டாங்கி தன் காலால் நெடுந்தூரம் போகாது. பட்டை தேயும், எஞ்சின் திணறும். போர்முனைக்குப் பக்கம் வரை ரயிலில்தான் பயணம். ஜெர்மனியின் டைகர் 57 டன். போர்ப் பட்டையைப் பூட்டினால் ரயில் தட்டுக்கு வெளியே பிதுங்கும். ஆகவே ஒவ்வொரு டைகருக்கும் இரண்டு ஜோடி பட்டை. ரயிலேறும்போது ஒடுக்கமானது, இறங்கியதும் அகலமானது. கழற்றி மாட்டச் சிப்பாய்களுக்கு முதுகு ஒடிந்தது. போருக்குக் கடைசியில் 188 டன்னில் மவுஸ் என்று ஒன்றைச் செய்தார்கள். பெயருக்கு அர்த்தம் எலி. அந்த எலியைத் தாங்கும் பாலம் கிடையாது என்பதால் ஆற்றின் அடியிலேயே ஊர்ந்து கடக்கட்டும் என்று திட்டம் போட்டார்கள். போருக்கு அது போகவே இல்லை. 2010 கடைசி வரை மீட்டர் கேஜ் வண்டியில் போடிக்குப் போய்வந்து, அகலப்பாதைக்காக 2023 ஜூன் வரை காத்திருந்த நமக்கு, தண்டவாள அகலம் ஒரு ஊரின் தலையெழுத்தை என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி இந்த வாரத்தின் பெரிய கதைக்கு வருவோம். இதற்குக் காஷ்மீர் போக வேண்டும். ஆனால் லோயர் கேம்ப்பில் இருந்துதான் புறப்பட வேண்டும்.

லோயர் கேம்ப் என்ற பெயரே பெரியாறு அணை கட்டிய காலத்துக் கூடாரத்தின் மிச்சம். அந்த அணையைக் கட்டி, அங்கே மணிமண்டபத்தில் நிற்கும் ஜான் பென்னிகுவிக்கை நாம் சாமிபோலக் கும்பிடுகிறோம். ஜனவரி 15 பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். அவர் ஒரு படை அதிகாரி என்பது படத்தில் மீசையைப் பார்க்கும்போது மட்டும்தான் ஞாபகம் வரும். மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் என்ற பொறியாளர் படையைச் சேர்ந்தவர். 1895இல் முடிந்த அந்த அணையில் மெட்ராஸ் பயனியர் படையின் முதலாம், நான்காம் பட்டாளங்களும் வேலை செய்தன. காட்டுக்குள் தடம் போடுவது, பாறை உடைப்பது, பளுவை மலை ஏற்றுவது என்று அவர்களுக்கு இங்கே கிடைத்த வேலை, படைப்பொறியாளர்களின் அன்றாட வேலைதான். அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசு மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780இல் தொடங்கிய படை, பெங்களூரில் தலைமையகம். ராணுவத்தில் அவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாபி அதிகாரியும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

1948. காஷ்மீர்ப் போரின் முதல் கோடையில் கார்கிலும் திராஸும் கைவிட்டுப் போயின. ஸ்ரீநகரில் இருந்து லே போகும் வழி அறுந்தது. வழியில் சோஜி லா கணவாய். சுமார் 11,500 அடி உயரம். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, பாறைக்குள் இயந்திரத் துப்பாக்கிகள், நடுவில் ஒடுக்கமான பாதை. செப்டம்பரில் 77ஆம் பாராசூட் பிரிகேட் மோதிப் பார்த்து, ஆட்களை இழந்து திரும்பியது. பனிக்காலம் வந்து கதவைச் சாத்திவிட்டால் லடாக்கின் கதி என்ன என்ற கவலை.

டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் திம்மையா டாங்கியை அனுப்புவது என்று முடிவு செய்தார். கேட்டவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். அவ்வளவு உயரத்தில் அதுவரை உலகத்தில் எந்தப் படையும் டாங்கியை வைத்துச் சண்டை போட்டதில்லை.

எந்த டாங்கி என்பதில்தான் நம் தலைப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் நடுத்தர டாங்கி என்றால் ஷெர்மன், 30 டன். சோஜி லா வழியில் அந்த எடையை நினைக்கவே முடியாது. 7ஆம் லைட் கேவல்ரி ரெஜிமென்ட்டிடம் ஸ்டூவர்ட் இலகு டாங்கிகள் இருந்தன. 15 டன் சுமார், 37 மில்லிமீட்டர் பீரங்கி. ஐரோப்பாவில் 1944லேயே அந்தப் பீரங்கியை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜெர்மன் டாங்கியின் முன்கவசத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது; வேவு பார்க்க மட்டும் வைத்துக்கொண்டார்கள். பந்தயத்துக்கு ஆகாது என்று கழித்த கரிச்சான்.

ஜம்முப் பக்கம் இருந்து அந்த ஸ்டூவர்ட்டுகள் ரகசியமாகப் புறப்பட்டன. சுழல் கோபுரங்களைக் கழற்றித் தனியாக ஏற்றினார்கள். இதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தலையில்லாத டாங்கி தூரத்தில் பார்த்தால் டாங்கியாகத் தெரியாது. பாலத்தில் ஏறும்போது எடையும் குறைவு. வழியிலுள்ள பல பாலங்கள் அந்தப் பாரத்துக்குக் கட்டப்பட்டவை அல்ல. வண்டிகளைக் கப்பி போட்டு வடத்தால் இழுத்துக் கடத்தினார்கள். கோபுரம் மறுபடி தலைக்கு வந்தது கணவாய் அடிவாரத்தில்.

அடிவாரம் பால்தல். அங்கிருந்து மேலே போனது கோவேறு கழுதைத் தடம். ஒரு கழுதை, பக்கத்தில் ஒரு ஆள், அவ்வளவுதான் அகலம். அதை வண்டி போகும் பாதையாக்கும் வேலை மேஜர் தங்கராஜு தலைமையில் மெட்ராஸ் சாப்பர்களின் இரண்டு கம்பெனிகளுக்கு வந்தது. குமுளி மலைச்சாலையில் மண் சரிந்து, ஒரு பக்கத்தை வெட்டி வழி விடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வேலையை மூச்சு வாங்கும் உயரத்தில், உறைந்த மண்ணில், பாறையை வெடி வைத்துப் பிளந்து, மேலே இருக்கும் துப்பாக்கிகளின் பார்வைக்குள் செய்ய வேண்டும். வெயிலைத் தவிர வேறொன்றும் அறியாத தென்மாவட்டப் பிள்ளைகள் அதில் எத்தனை பேரோ. வளைவில் ஓரம் இடிந்தால் 15 டன்னும் நாலு உயிரும் பள்ளத்தில். திரும்பும் இடத்தில் எவ்வளவு அகலம் வேண்டும், கரை எவ்வளவு தாங்கும் என்பது அவர்கள் கைக்கணக்கு.

நவம்பர் 1. பனிக்கு நடுவே ஸ்டூவர்ட்டுகள் கணவாய்க்குள் நுழைந்தன. முன்னால் லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங். ஆள் சின்னவர், படையில் 'ஸ்பேரோ', அதாவது சிட்டுக்குருவி என்று பட்டப்பெயர். திம்மையாவும் ஒரு டாங்கியில் ஏறிப் போனார். எதிரே இருந்தவர்கள் டாங்கியை எதிர்பார்க்கவில்லை. டாங்கியை அடிக்கும் ஆயுதமும் கையில் இல்லை. ஐரோப்பா கழித்துப்போட்ட அந்த 37 மில்லிமீட்டர் பீரங்கி, பாறைப் பொந்துகளின் வாய்க்கு நேராகப் போய் நின்று சுட்டது. செப்டம்பரில் ஒரு பிரிகேடைத் திருப்பி அனுப்பிய கணவாய் ஒரே நாளில் திறந்தது. மாதக் கடைசி வாரத்தில் கார்கிலில், லே பக்கமிருந்து வந்த படையும் இங்கிருந்து போன படையும் கை குலுக்கின. ராஜிந்தர் சிங்குக்கு மகாவீர் சக்கரம்.

7ஆம் லைட் கேவல்ரியின் பூர்வீகம் பழைய சென்னை மாகாணக் குதிரைப்படை. 'லைட்' என்ற சொல் டாங்கி பிறப்பதற்கு முன்பே அதன் பெயரில் இருந்தது. இலகு குதிரை வேவுக்கும் துரத்தலுக்கும், கனத்த குதிரை மோதலுக்கும் என்ற பழைய பிரிவு அது. பெயரில் இலகுவாக இருந்த ரெஜிமென்ட்டுக்கு எடையிலும் இலகுவாக இருந்தது கைகொடுத்தது அந்த நவம்பரில். என் கணக்கில், டாங்கிகளின் வகைப்பாட்டைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களை எல்லாம் விட சோஜி லாவின் அந்தக் கழுதைத்தடம் தெளிவாகப் பேசுகிறது. எது இலகு, எது கனம் என்று அங்கே தீர்மானித்தது பாதை. தராசு போட்டது தம்பிகள்.

போர் முடிந்த உலகத்தில் வகைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மெதுவாக நடக்கும் டாங்கியும் வேண்டாம், மெல்லிய தோல் டாங்கியும் வேண்டாம், இரண்டு வேலையையும் ஒன்றே செய்யட்டும் என்ற எண்ணம் வந்தது. குரூஸர் என்று ஆரம்பித்த பிரிட்டனின் செஞ்சூரியன், 50 டன்னை எட்டி, எல்லா வேலைக்குமான டாங்கியாக முடிந்தது. எஞ்சின்களுக்குப் பலம் வந்துவிட்டதால் கனத்தையும் வேகத்தையும் ஒன்றாகச் சுமக்க முடிந்தது. 'முதன்மைப் போர் டாங்கி' என்ற பெயர் நிலைத்தது. உழவுக்கும் வண்டிக்கும் பந்தயத்துக்கும் ஒரே ஜோடி மாடு என்கிற மாதிரி. மாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் இரும்பில் அது ஓரளவு நடந்தது.

அந்த வகையை இந்தியா செய்யத் தொடங்கிய ஊர் ஆவடி. கனரக வாகனத் தொழிற்சாலை என்று பெயரிலேயே எடையைச் சுமக்கும் ஆலை. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961இல் ஒப்பந்தம். 1965இல் முதல் விஜயந்தா வெளியே வந்தது. 39 டன், 105 மில்லிமீட்டர் பீரங்கி. இரண்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். பின்னால் 41 டன் டி-72, அதற்குப் பின் 46 டன் டி-90 என்று ரஷ்ய வடிவங்கள் ஆவடியில் அஜேயா, பீஷ்மா என்று பெயர் மாறின. ரஷ்ய டாங்கி எடை குறைந்ததன் ரகசியம் உள்ளே இருக்கும் ஆள் கணக்கு. குண்டை எந்திரமே ஏற்றிவிடுவதால் மூன்று பேர் போதும். நாலாவது ஆளுக்கு இடம் வேண்டாம். இடம் குறைந்தால் சுற்றிப் போர்த்த வேண்டிய கவசம் குறைவு. கவசம் குறைந்தால் எடை இறங்குகிறது. அர்ஜுன் நாலு பேர் வண்டி. 1974இல் அனுமதி கிடைத்த திட்டம் அது. செய்யச் செய்ய எடை ஏறிக்கொண்டே போய், 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் ராணுவத்திடம் ஒப்படைத்த 'மார்க் 1ஏ' 68 டன்னில் நின்றது. சாலை விதிநூலின் 70 டன்னுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கால்வாயும் பழைய பாலமும் நிறைந்த பஞ்சாபை விட ராஜஸ்தான் பாலைவனம் அதற்குத் தோதாகப் போனதில் ஆச்சரியம் என்ன.

முதன்மைப் போர் டாங்கி வந்த பிறகு இலகு டாங்கி செத்தது என்றார்கள். இந்தியாவைப் பொறுத்தவரை அது அடிக்கடி உயிர்த்தெழுந்தது. 1962 அக்டோபரில் சீனப் போரின்போது 20ஆம் லான்சர்ஸின் ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளை விமானத்தில் ஏற்றி லடாக்கின் சுஷுலில் இறக்கினார்கள். 15 டன் என்பதால்தான் விமானம் தூக்கியது. 1971இல் வங்கத்து நீர்நிலைகளில் நீந்திக் கடக்கும் 14 டன் பி.டி.-76. அதன் பிறகு ஒரு நீண்ட மௌனம். 2020இல் லடாக்கில் மறுபடி சீனத்தோடு முட்டிக்கொண்டபோது, எதிரே மலைக்கென்று செய்த இலகு டாங்கி நின்றது. நம் பக்கம் சமவெளிக்குச் செய்த டி-72உம் டி-90உம் மேலே ஏற்றப்பட்டன. ஏறின, நின்றன, எதிரியைத் தயங்க வைத்தன. ஆனாலும் மெல்லிய காற்றில் 46 டன்னை இழுக்கும் எஞ்சினின் கஷ்டம் எஞ்சினுக்குத்தான் தெரியும்.

அப்போது போன உத்தரவு மறுபடி ஆவடிக்கே வந்தது. இந்த முறை தொழிற்சாலைக்கு அல்ல, அங்கேயே உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையத்துக்கு. எல் அண்ட் டி நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் வடிவமைத்த 'சோராவர்' 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் வெளியே வந்தது. 1841இல் திபெத்துக்குள் படை நடத்திய டோக்ரா தளபதி சோராவர் சிங்கின் பெயர். 105 மில்லிமீட்டர் பீரங்கி. அந்த டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தார்கள். எடை 25 டன். அந்த எண்ணை முதலில் எழுதிக்கொண்டு அதற்கு உள்ளேதான் மற்ற எல்லாவற்றையும் அடைத்தார்கள்.

இதைத் தேவாரத்து ஹவில்தாரிடம் சொன்னேன். மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். "இருவத்தஞ்சா?" என்றார். "நம்ம காலத்துல அதுக்கு நடுத்தரம்னு பேரு இருந்திருக்கும்." உண்மைதான். ஹிட்லரின் படையை மாஸ்கோ வாசலில் திணறடித்த டி-34 நடுத்தர டாங்கிக்கு 26 டன் சொச்சம். சோராவர் அதற்கு ஒரு டன் குறைவு, இலகு என்று பெயர். பிறகு அவர் கேட்டது வேறு: "பாலம் எத்தன கிளாஸ் வேணுமாம் அதுக்கு?"

அடுத்த வாரம்: 1965 செப்டம்பர், பஞ்சாபின் அசல் உத்தர். நடுத்தர டாங்கிகள் கரும்புத் தோட்டத்துத் தண்ணீரில் சிக்கிய கதை.